வாடகை வீட்டிலும் பதினான்கு விளக்கு

நமது சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயம் அரை மணி நேரத்தை விழுங்கிவிட்டது. இளைஞர் அணியைச் சேர்ந்த சில பிள்ளைகள், அக்டோபர் கடைசியில் குழந்தைகளுக்காக 'ஹாலோவீன்' மாலை ஒன்று நடத்திக்கொள்ளச் சங்கத்தின் கூடத்தைக் கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், கூட்டம் இரண்டு கட்சியாகிவிட்டது. "பேய்க்கும் பிசாசுக்கும் தோரணம் கட்டவா நம் பெரியவர்கள் சங்கம் கண்டார்கள்?" என்றார் மூத்த அன்பர் ஒருவர். "குழந்தைகள் விளையாட்டுதானே ஐயா, விடுங்கள்" என்றார் இன்னொருவர். மூன்றாவதாக எழுந்த சகோதரி ஒருவர் சொன்னதுதான் என் மனதில் தைத்தது. "தீபாவளிக்கு வாசலில் கோலம் போடச் சொன்னால், 'வாடகை ஃப்ளாட் மாமி, தரை கெட்டுப் போகும்' என்கிறார்கள். பேய்ப் பொம்மை ஒட்ட மட்டும் சுவர் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அந்தச் சகோதரியின் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது என்பது மற்றொரு காரணம். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து வருபவள் என்ற உரிமையில் இங்கே எழுதுகிறேன். அன்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும்.

முதலில் என் வீட்டுக் கதை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நியூ டவுனில் ஒன்பதாவது மாடியில், மகன் வாடகைக்கு எடுத்த ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஒன்பது வயதுப் பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, "பாட்டி, 31-ஆம் தேதி நம்ம காம்ப்ளெக்ஸ்ல ஹாலோவீன். பசங்க எல்லாம் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா வருவாங்க. வாசல்ல ஏதாவது அலங்காரம் இருந்தாத்தான் கதவைத் தட்டுவாங்க. நம்ம வாசல்ல ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

மகன் உடனே ஒப்பந்தத்தை நினைவூட்டினான். பதினொரு மாத ஒப்பந்தம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது, கறை படிந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். "அடுத்த வருஷம் எந்த ஊரோ, எந்த வீடோ. சொந்த வீடு வாங்கினதும் உன் இஷ்டப்படி எல்லாம் செய்யலாம் கண்ணு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுடைய அப்பா இதே சொற்களை, ஏறக்குறைய இதே குரலில், ஒவ்வொரு ஆண்டும் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சொந்த வீடு கடைசிவரை வரவே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹாலோவீன் அமெரிக்காக்காரன் பண்டிகை, நமக்கு எதற்கு என்பது கூட்டத்தில் எழுந்த முதல் ஆட்சேபம். அது அமெரிக்காவுக்கே குடிபோன பண்டிகை என்பதை எத்தனை பேர் அறிவோம்? அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில், இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையிலுள்ள கதவு திறந்துகொள்கிறது என்று அந்த மக்கள் நம்பினார்கள். அதற்கு 'சாவின்' என்று பெயர். பின்னர் கிறிஸ்தவ சமயத்தில் நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாளானது. அதற்கு முந்தைய மாலை என்ற பொருளில்தான் ஹாலோவீன் என்ற பெயரே வந்தது. மறுநாள் நவம்பர் 2, நம் தமிழ்க் கத்தோலிக்க அன்பர்கள் அனுசரிக்கும் கல்லறைத் திருநாள். அன்று மாலை நமது கொல்கத்தாவின் கிறிஸ்தவக் கல்லறைகளில் மெழுகுவர்த்திகள் வரிசை வரிசையாக எரிவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பண்டிகையின் உள்ளே இருப்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்தது அமெரிக்கா. நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஒரே அறையில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு குடும்பம் என்று வாடகைக் கட்டடங்களில் அடைந்து கிடந்தார்கள். சொந்த ஊரில் அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே நெருப்பு வைத்து வாசலில் வைப்பது வழக்கம். போன இடத்தில் பெரிது பெரிதாகப் பரங்கிக்காய் கிடைத்தது. அதைக் குடைவதும் சுலபம். கிழங்கு போய்க் காய் வந்தது, வழக்கம் நின்றுவிடவில்லை. ஆக, இன்று நாம் 'அமெரிக்கப் பண்டிகை' என்று முகம் சுளிப்பது, பிழைக்கப் போன இடத்தில், அடுத்தவன் வீட்டுக் கூரையின் கீழ், ஏழைக் குடித்தனக்காரர்கள் விடாமல் காப்பாற்றிய பண்டிகை. நம்மைப் போன்றவர்களுடைய பண்டிகை என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

பரங்கிக்காய் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பரங்கியர் காலத்தில் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். அது நம் அடுப்பில் ஏறி, கூட்டாகவும் குழம்பாகவும் பொங்கலன்று படையலாகவும் மாறிவிட்டது. காயை ஏற்றுக்கொண்ட நாம், அந்தக் காய்க்கு ஒரு முகம் வரைந்தால் மட்டும் ஏன் பதற வேண்டும்? புது வீடு கட்டும்போது பூசணிக்காயில் கோரைப்பல்லும் உருட்டு விழியும் எழுதித் தொங்க விடுபவர்கள் நாம்தானே!

இரண்டாவது ஆட்சேபம், தீபாவளி சமயத்தில் பேயைக் கூப்பிடுவது அமங்கலம் என்பது. வங்காளத்தில் இத்தனை காலம் வாழ்ந்தவர்கள் இதைச் சொல்வதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. காளி பூஜைக்கு முந்தைய மாலை இங்கே 'பூத் சதுர்தசி' என்பதை மறந்துவிட்டோமா? நமக்கு நரக சதுர்த்தசி எந்தத் திதியோ, இவர்களுக்குப் பூத் சதுர்தசி அதே திதி. நம் வீடுகளில் வெந்நீர்த் தவலைக்குப் பொட்டு வைத்து, விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்காக நீர் நிரப்பி வைக்கிறோமே, அந்த இரவில்தான் பக்கத்து வங்காளி வீட்டில் இருட்டு மூலைகளில் பதினான்கு அகல் விளக்குகள் எரிகின்றன. வாசல்படி, மாடிப்படித் திருப்பம், குழாயடி, துளசி மாடம், மொட்டை மாடி என்று எங்கெல்லாம் வழக்கமாக வெளிச்சம் போகாதோ அங்கெல்லாம் ஒன்று. பதினான்கு தலைமுறை முன்னோர்களுக்கு வழிகாட்டும் விளக்கு என்பது ஐதீகம். கெட்டது அண்டாதிருக்கவும் அதே விளக்குதான்.

அன்று பதினான்கு வகைக் கீரையும் சாப்பிட வேண்டும். 'சொத்தோ ஷாக்' என்பார்கள். சொத்தோ என்றால் பதினான்கு. (சொத்து இல்லாத எங்களுக்கு இந்தச் சொத்தோவாவது கிடைத்ததே என்று என் கணவர் சிரிப்பார்.) லேக் மார்க்கெட்டில் அன்று காலையில் பதினான்கையும் கலந்து நறுக்கிக் குவித்து விற்பார்கள். அதில் வேப்பிலை உண்டு, கடுகுக் கீரை உண்டு, சேனைத் தளிர் உண்டு, 'குலஞ்ச' என்ற பெயரில் நம் சீந்தில் உண்டு, 'சுஷ்னி' என்ற பெயரில் நம் ஆரைக்கீரை உண்டு. மழைக்காலம் போய்ப் பனி தொடங்கும் நாளில் உடம்புக்கு ஒரு கசப்பு வேண்டும் என்று யோசித்த பாட்டிமார்கள் வங்காளத்திலும் இருந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் அதே நாளுக்குத் தீபாவளி லேகியம் கிளறினார்கள்.

பேய்களில்தான் எத்தனை வகை! வில்வ மரத்தில் குடியிருக்கும் பிரம்மதைத்யன், சங்கு வளையல் அணிந்த ஷாக்சுன்னி, மீனுக்கு அலையும் மேச்சோ பூத், தலையில்லாத ஸ்கந்தகாட்டா, இரவில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லி அழைக்கும் நிஷி. 1969-இல் சத்யஜித் ராய் எடுத்த 'கூபி காய்ன் பாகா பாய்ன்' படத்தில் பேய்கள் கூட்டமாக ஆடும் நடனத்தைப் பார்த்துப் பயந்த வங்காளிக் குழந்தை உண்டா தெரியாது. ரசிக்காத குழந்தை இல்லை. காளி பூஜைப் பந்தல்களில் டாகினி, ஜோகினி என்று இரண்டு பயங்கர உருவங்கள் நிற்கும். குழந்தைகள் காளியை விட்டுவிட்டு அவற்றைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். வருஷத்தில் ஒரு நாள் பயத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது குழந்தைகளுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இனி மூன்றாவது விஷயம். சங்கக் கூட்டத்தில் அந்தச் சகோதரி கேட்டது: வாடகை வீட்டில் அலங்காரம் எதற்கு? இதற்குப் பதில் சொல்லவே பேனாவை எடுத்தேன்.

டாலிகஞ்ச் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய அதே 1986-இல் நான் மணமாகி இங்கே வந்தேன். லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு பழைய வீடு. கீழே வீட்டுக்காரர், மாடியில் நாங்கள். வீட்டுக்கார அம்மாளை 'மாசிமா' என்று கூப்பிடுவோம். அவர் என்னைப் 'பௌமா' என்பார். கணவரை இழந்தவர், எப்போதும் கரையில்லாத வெள்ளைப் புடவை. நல்லவர்தான், ஆனால் சுவர் விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. சுண்ணாம்புப் பூச்சு, ஓர் ஆணி அடித்தால் ஒரு கைப்பிடி உதிரும். குடிபுகுந்த அன்றே மாடிக்கு வந்து இருக்கிற ஆணிகளை எண்ணிவிட்டுப் போனார். நான்கு ஆணிகள். ஒன்றில் காலண்டர், ஒன்றில் சட்டை, ஒன்றில் குடை, ஒன்றில் முகம் பார்க்கும் கண்ணாடி.

என் தாயார் கல்யாணச் சீராக ஒரு தஞ்சாவூர்ப் படம் கொடுத்திருந்தார். வெண்ணெய்க் கிருஷ்ணன், தேக்குச் சட்டம், நல்ல கனம். அதற்கு ஐந்தாவது ஆணி கிடையாது. "சொந்த வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்" என்று கணவர் அதைப் பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் மனை பார்ப்பதும் விடுவதுமாக ஆண்டுகள் போயின. மாதச் சம்பளத்தில் பாதி ஊருக்கு, மீதி வயிற்றுக்கு. நாங்கள் கொலுகூட வைக்கவில்லை. "எல்லாம் நம்ம வீட்டில்" என்பார். நானும் அப்படியே நம்பினேன்.

1991 புரட்டாசியில் தந்தி வந்தது. அம்மா போய்விட்டார். கோரமண்டலில் சென்னை, அங்கிருந்து எழும்பூர் போய் மீட்டர்கேஜ் ரயிலில் கும்பகோணம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. காரியங்கள் முடிந்து திரும்பி வந்தால் ஊரெல்லாம் தீபாவளிக் களை. தலைத் திவசம் கழியும் வரை எங்களுக்குப் பண்டிகை கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் தட்டிக்கொண்டு மாசிமா வந்து நின்றார். கையில் ஒரே ஓர் அகல், கடுகெண்ணெய் விட்டு, திரி போட்டு. எங்களுக்குப் பண்டிகை இல்லை என்றேன். "இது உத்சவம் இல்லை, பௌமா. போனவர்களுக்கு வழி காட்டுகிற விளக்கு. உன் அம்மா இந்த வீட்டைப் பார்த்ததே இல்லையே, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்?" என்றார். சொல்லிவிட்டு எங்கள் வாசல்படியில் அதை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனார்.

என் அம்மாவுக்கு இந்த ஊருக்கு வரவேண்டுமென்று ஆசை. நான்தான் ஐந்து வருஷமாக, "வாடகை வீடும்மா, வசதி போதாது, நல்ல வீடு பார்த்ததும் கூப்பிடுகிறேன்" என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அந்த விளக்கு எரிந்து முடிகிறவரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்திலிருந்து வந்த கணவர் ஒன்றும் கேட்கவில்லை. காற்றுக்கு அணையாமல் அன்றைய செய்தித்தாளை மடித்து மறைப்பாக நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து கீழே ஏழு, மாடியில் ஏழு என்று பிரித்துக்கொண்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது. 2012-இல் என் கணவர் அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். மனை வாங்கவில்லை, படம் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மாசிமாவும் போனார். வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் வீட்டை ஒரு புரமோட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி. ஆணியடிக்க விடாமல் காப்பாற்றிய அந்தச் சுவர்களை ஆட்கள் கடப்பாரையால் இரண்டே வாரத்தில் தரைமட்டமாக்கினார்கள்.

2012-இல் அனிக் தத்தா எடுத்த 'பூதேர் பபிஷ்யத்' என்ற வங்காளிப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய மாளிகைகளை எல்லாம் இடித்துவிட்டதால் குடியிருக்க இடமில்லாத பேய்கள் ஒரே வீட்டில் கூடி வாழ்வதும், அதற்கும் ஒரு புரமோட்டர் வந்து சேர்வதும் கதை. வங்காளத்தில் 'பூத்' என்றால் பேயும்தான், கடந்துபோனதும்தான். நம் மொழியிலும் அதற்கு 'இறந்த காலம்' என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்! படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு இடிபட்ட பிறகு ஒரு முறை தொலைக்காட்சியில் அதே படம் வந்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. போனவர்கள் திரும்பி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்ற நினைவு வந்துவிட்டது.

ஆகவே, 2024-இல் பேத்தி வந்து கேட்டபோது, "செய்யலாம், ஓர் ஆணியும் இல்லாமல் செய்யலாம்" என்றேன். அந்த ஆண்டு நாள்களும் அழகாக அமைந்தன. அக்டோபர் 30 மாலை பூத் சதுர்தசி. 31 விடியற்காலை நம் எண்ணெய்க் குளியல். அன்று மாலையே காளி பூஜையும் ஹாலோவீனும். மூன்று சமயத்துப் பேய்களும் ஒரே லிஃப்டில் ஏறி வந்த மாதிரி.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன். வாடகை வீட்டிலிருக்கும் இளம் குடும்பங்களுக்குப் பயன்படலாம். சுவரைத் தொடவே இல்லை. ஜன்னல் கம்பியிலும் பால்கனிக் கிராதியிலும் சணல் கயிறு கட்டி, கறுப்புத் தாளில் வெட்டிய ஆந்தை, வௌவால், கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாவற்றையும் துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டோம். குஜராத்தி அன்பர்கள் நவராத்திரியில் துளையிட்ட மண்பானைக்குள் விளக்கு வைப்பார்களே, அந்த மாதிரிப் பானை இரண்டு வாங்கி வந்து, துளைகளைச் சுற்றிப் பேத்தி கண்ணும் வாயும் வரைந்தாள். ஒரு பரங்கிக்காயைக் குடைந்தோம், குடைந்தெடுத்தது கூட்டாயிற்று. வாசலில் அரிசி மாவில் உலர்ந்த கோலம். ஈரத்துணியால் துடைத்தால் தடமே இருக்காது. பதினான்கு அகல்களையும் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர்த் தட்டுகளுக்குள் வைத்தோம். எண்ணெய் வழிந்தாலும் வீட்டுக்காரர் தரையில் படாது. நெருப்பு பயமும் குறைவு. திரைச்சீலைகளை முடிந்துவைத்தோம், விளக்கு எரியும் வரை ஒருவர் காவல் இருந்தோம். லிஃப்ட் பக்கம் நெருப்பு கூடாது என்று காம்ப்ளெக்ஸ் விதி. அங்கே பாட்டரி விளக்கு.

கடைசியாக டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டியை அவிழ்த்து, படத்தைத் துடைத்து, கூடத்தில் இருந்த அலமாரியின் மேல் சுவரோடு சாய்த்து வைத்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஆணி இல்லை, ஆணி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சாய்த்து வைக்க ஆணி தேவையில்லை என்பது எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மகன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, மாசிமாவுக்கு ஒன்று என்று பேத்தியிடம் சொல்லிச் சொல்லி ஏற்றினேன். மீதிப் பதினொன்றுக்கும் அவளே ஆள் கேட்டாள். என் பாட்டி, அவருடைய அம்மா என்று போய், ஐந்தாறு பெயருக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அதுவும் ஒரு பாடம்தான். மறுநாள் மாலை எங்கள் கதவை எத்தனை குழந்தைகள் தட்டினார்கள் என்று எண்ணவில்லை. ஒரு டப்பா தேன்குழல் காலி.

ஆட்சேபித்த பெரியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் ரத்தம் வழியும் முகமூடியும் எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு நாள் கூத்து, மறுநாள் குப்பை. யார் வேஷத்துக்கு அதிகச் செலவு என்ற போட்டியும் வேண்டாம். முக்கியமாக ஒன்று. எங்கள் காம்ப்ளெக்ஸில் லிஃப்ட் கதவில் ஒரு பேய்ப் படம் ஒட்டியிருந்தார்கள்: விரித்த கூந்தல், வெள்ளைப் புடவை. சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். அதன் எதிரே நான் சிறிது நேரம் நின்றுவிட்டேன். மாசிமா வாழ்நாளெல்லாம் கட்டியது அந்தப் புடவையைத்தான். கணவனை இழந்தவளின் உடையைப் பேயின் உடையாக்கியது எந்த ஊர்ப் பண்டிகையும் அல்ல, நம் ஊர்க் கொடுமை. குழந்தைகள் பேய் வேஷம் போடட்டும். தலையில்லாதவன், வௌவால், பிரம்மராட்சசன் எதுவாகவும் வரட்டும். வெள்ளைப் புடவைக்காரியாக மட்டும் யாரும் வரவேண்டாம் என்று பெற்றோர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே, சங்க நிர்வாகிகளுக்கு என் யோசனை இது. பிள்ளைகளுக்குக் கூடத்தைக் கொடுங்கள். ஆனால் பூத் சதுர்தசி மாலையில் கொடுங்கள். பதினான்கு அகல் ஏற்றச் சொல்லுங்கள். பரங்கிக்காயும் குடையட்டும், கீரையும் சமைக்கட்டும். ஒவ்வொரு குழந்தையும் தன் குடும்பத்தில் மறைந்த ஒருவர் பெயரையும், அவர் எந்த ஊர், என்ன வேலை செய்தார் என்பதையும் கேட்டுக்கொண்டு வந்து சொல்லட்டும். தாத்தா எந்த ஆண்டு, எந்த ரயிலில், என்ன மூட்டையோடு ஹௌராவில் வந்து இறங்கினார் என்று நம் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதைவிடப் பேயை மரியாதையாக வரவேற்க முடியுமா!

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் இந்த ஊரில் வாழ்வதே வாடகை வீட்டில் வாழ்வது போலத்தான். மூட்டையைப் பாதி பிரித்து, பாதி கட்டி, நல்ல பாத்திரத்தையும் நல்ல படத்தையும் நல்ல நாளையும் 'சொந்த ஊருக்கு' என்று எடுத்துவைத்துவிடுகிறோம். சுவர் வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். அந்தச் சுவருக்குள் போகிற வருஷங்கள் நம்முடையவை. அவற்றை எந்த அட்வான்ஸும் திருப்பித் தராது. அம்மாவைக் கூப்பிட வேண்டுமானால் இந்த வீட்டுக்கே கூப்பிடுங்கள், இந்த வருஷமே கூப்பிடுங்கள்.

மகன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, ஒரே ஓர் ஆணிக்கு அனுமதி கேட்டு வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. வெண்ணெய்க் கிருஷ்ணன் அலமாரி மேல் சாய்ந்தபடியே இருக்கிறார்.